முறையியலுக்கு நல்கை என்றால் முறையியலுக்கே கொடுங்கள்

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு நல்கை வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றின் மதிப்பீட்டுக் குழுக்களில் இருக்கும் மூத்த ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த நான்கு ஆண்டுகளில் ஆறு நல்கைகளுக்கு விண்ணப்பித்தேன். ஐந்து திரும்பி வந்தன, ஒன்று கிடைத்தது. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கிறதுதான், மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த ஐந்தில் இரண்டு திரும்பி வரவேண்டியவையே. இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. என்னை இந்த மடலை எழுத வைத்தது கிடைத்த அந்த ஒன்று. ஏனென்றால், அதை நான் பாதி உண்மை சொல்லித்தான் வாங்கினேன்.

என் ஆய்வு நரம்பியல் வலையமைப்புகளை, அதாவது தரவைப் பார்த்துத் தாமே கற்கும் நிரல்களை, பயிற்றுவிக்கும் முறைகளைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டை அல்ல, முறைகளையே ஆராயும் இத்தகைய வேலையைத்தான் முறையியல் என்கிறேன். அப்படியொரு பெரிய வலையமைப்பை, அதாவது மாதிரியை, பயிற்றுவிக்கும்போது, பல நாட்கள் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்த இழப்பு மதிப்பு (மாதிரி எவ்வளவு தவறுகிறது என்பதன் அளவு) திடீரென்று எகிறும். சில சமயம் தானாகவே அடங்கும், சில சமயம் மொத்தப் பயிற்சியும் பாழாகும். அது நடக்காமலிருக்க, ஒவ்வொரு திருத்தமும் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கற்றல் வீதத்தை முதலில் மிகச் சிறிதாக வைத்து மெல்ல ஏற்றுவார்கள். எந்தத் திசையில் திருத்தவேண்டும் என்று காட்டும் கிரேடியன்ட் ஓர் அளவைத் தாண்டினால் வெட்டுவார்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் பழைய சேமிப்புக்குத் திரும்பிப்போய், அந்த இடத்துத் தரவைத் தாண்டிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். இவை வேலை செய்கின்றன. ஏன் வேலை செய்கின்றன, எப்போது கைவிடும் என்பதற்கான விளக்கங்கள் இன்னும் அரைகுறையாகவே இருக்கின்றன. அதைத்தான் நான் ஆராய விரும்பினேன். இதே கேள்வியை மூன்று முறை நேராக எழுதி அனுப்பினேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே பதில்: "கேள்வி சுவையானது, ஆனால் சமூகப் பயன் தெளிவாக இல்லை."

நான்காம் முறை அதே ஆய்வுக்கு மருத்துவ வேடம் போட்டேன். ஸ்கேன் படங்களில் நோயைக் கண்டறியும் மாதிரி ஒன்றை உருவாக்கப்போவதாகவும், அதற்கு நிலையான பயிற்சி முறை தேவைப்படுவதாகவும் எழுதினேன். பணம் வந்தது. பிறகு என்ன? காலத்தில் பெரும்பகுதி படங்களைப் பெறுவதிலும், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்திருப்பதிலும், மருத்துவர்களிடம் படங்களுக்குக் குறியிட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சுவதிலும் கழிந்தது. மருத்துவப் பட ஆய்வு அருமையான துறை. அதில் என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குப் போகவேண்டிய பணத்தை நான் வாங்கிக்கொண்டேன். என் உண்மையான கேள்விக்கு இரவுகளும் ஞாயிற்றுக்கிழமைகளுமே மிஞ்சின.

நான் மட்டும் செய்த தந்திரம் இல்லை இது. என் வயதுக்காரர்களில் முறையியல் செய்யும் ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படி ஒரு வேடக்கதை உண்டு. அறிவிப்பில் "செயற்கை நுண்ணறிவு முறைகள்" என்று எழுதுகிறீர்கள். படிவத்தைத் திறந்தால் எந்தத் தொழிலுக்கு, எத்தனை பேருக்கு, எந்த மாதத்துக்குள் என்று கேட்கிறீர்கள். நாற்று நட்ட அன்றே நெல் எத்தனை மூட்டை என்று கேட்டால் விவசாயி என்ன சொல்வார்? ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார். நாங்களும் அதையே செய்கிறோம்.

1991இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செப் ஹோக்ரைட்டர் என்ற மாணவர் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தார். முனைவர் பட்டத்துக்கு அல்ல, அதற்கும் முந்தைய டிப்ளோமா பட்டத்துக்கு. அதன் முக்கியமான முடிவு ஒரு தோல்விச் செய்தி. வரிசைத் தரவைக் கற்கும் வலையமைப்புகளில், பிழைத் தகவல் காலத்தில் பின்னோக்கிப் போகப் போகத் தேய்ந்து மறைகிறது அல்லது வெடித்துப் பெருகுகிறது, அதனால் நெடுந்தொலைவுத் தொடர்புகளை அவை கற்பதில்லை என்று அவர் காட்டினார். 1997இல் அவரும் அவருடைய வழிகாட்டியாக இருந்த ஷ்மிட்ஹூபரும் அதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார்கள். அதுதான் நெடுநேரம் நினைவில் வைத்திருக்கக்கூடிய எல்எஸ்டிஎம் என்ற வலையமைப்பு. 2016இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையை நரம்பியல் வலையமைப்புக்கு மாற்றியபோது உள்ளே ஓடியது எல்எஸ்டிஎம் அடுக்குகள். ஆய்வேட்டிலிருந்து அதுவரை இருபத்தைந்து ஆண்டுகள். உங்கள் படிவத்தில் "மூன்றாம் ஆண்டின் இறுதியில் எட்டப்படும் விளைவுகள்" என்றொரு பெட்டி இருக்கிறதே, அதில் 1991ஆம் ஆண்டு ஹோக்ரைட்டர் என்ன எழுதியிருப்பார்? "ஏன் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்வேன்" என்று எழுதியிருந்தால், நேர்மையாகச் சொல்லுங்கள், எத்தனை மதிப்பெண் போட்டிருப்பீர்கள்?

பழைய கதை என்று தள்ளவேண்டாம். இன்று பெரும்பாலான மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஆடம் என்ற உகப்பாக்க முறையோ (இழப்பு குறையும்படி மாதிரியைப் படிப்படியாகத் திருத்தும் வழி) அதன் பிள்ளைகளோதான் பயன்படுகின்றன. 2014 டிசம்பரில் அதை முன்வைத்த கிங்மா, பா இருவரும் அப்போது முனைவர் பட்ட மாணவர்கள். ஒருவரோடொருவர் போட்டியிடும் இரு வலையமைப்புகள் என்ற யோசனையை அதே ஆண்டு முன்வைத்த குட்ஃபெலோவும் மாணவர். பயிற்சியின்போது சில அலகுகளைத் தற்செயலாக அணைத்துவைக்கும் டிராப்அவுட் முறை நிதிஷ் ஸ்ரீவத்சவாவின் முதுநிலை ஆய்வேட்டுக்குப் பொருளாயிற்று. உலகெங்கும் இயந்திரக் கற்றல் பாடங்களில் முதல் நாளிலேயே அறிமுகமாகும் சைகிட்-லேர்ன் நூலகம் 2007இல் மாணவர்களுக்கான கோடைகால நிரல் திட்டம் ஒன்றில் தொடங்கியது. முறைகள் இளையவர்களின் கையிலிருந்து பிறப்பது ஏதோ விதிவிலக்கு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களுக்குத் தொலைநோக்குத் திட்ட அறிக்கை எழுத நேரமில்லை. ஒரு கேள்வியோடு முட்டிக்கொண்டிருக்க நேரம் இருந்தது.

அடுத்து, "முதற்கட்ட முடிவுகள்" என்ற பகுதி. கணினி நேரம் கிடைத்தால்தான் முதற்கட்ட முடிவு வரும். முதற்கட்ட முடிவைக் காட்டினால்தான் கணினி நேரத்துக்குப் பணம் தருவீர்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை உங்கள் வழிகாட்டுக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடலாம். இந்த வட்டத்தை உடைப்பவர்கள் யார்? ஏற்கெனவே வசதியுள்ள ஆய்வகத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அங்கே அளப்பது திறமையை மட்டும்தானா?

கணினித் திறன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். அதில் இரண்டு பக்கத்திலும் தவறான கணக்குகள் உலவுகின்றன.

ஒரு தவறு, எல்லா ஆய்வுக்கும் பெருநிறுவன அளவுக் கணினிகள் வேண்டும் என்பது. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியைத் தலைகீழாகப் புரட்டிய அலெக்ஸ்நெட், கடையில் கிடைத்த இரண்டு விளையாட்டு ஜிபியுக்களில் (கணினி விளையாட்டுகளுக்கான வரைகலைச் செயலிகளில்) ஐந்தாறு நாட்கள் ஓடிப் பயிற்சி பெற்றது. ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான, 2017இன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையில் இருந்த பெரிய மாதிரிக்கு எட்டு ஜிபியுக்களும் மூன்றரை நாட்களும் போதுமாயிருந்தன. முறையியல் ஆய்வில் பெரும்பாலான வேலை இன்றும் சிறிய மாதிரிகளிலேயே நடக்கிறது, நடக்கவும் முடியும்.

இன்னொரு தவறு, ஒரு நல்ல மேசைக் கணினி வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது. சிறிய மாதிரியில் கண்டது பெரிதிலும் நிற்குமா என்று மாநாட்டு மதிப்பீட்டாளர் நிச்சயம் கேட்பார், கேட்கவும் வேண்டும். 700 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் திருத்தப்படும் எண்கள்) கொண்ட மாதிரி இன்று நடுத்தர அளவுதான். அதை, சில எண்களைச் சுருக்கமாகவும் சிலவற்றை முழுத் துல்லியத்தோடும் வைக்கும் வழக்கமான கலப்புத் துல்லிய முறையில் ஆடம் கொண்டு முழுமையாகப் பயிற்றுவிக்க, ஒவ்வோர் அளவுருவுக்கும் 16 பைட் வேண்டும்: எடைகள் (அந்த அளவுருக்களே), கிரேடியன்ட்கள், எடைகளின் முழுத் துல்லியப் பிரதி, ஆடம் வைத்துக்கொள்ளும் இரண்டு சராசரிகள். ஆக 112 ஜிபி. இடைநிலை மதிப்புகளுக்கான இடம் இதில் சேராது. 80 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு ஜிபியுவில் இது அடங்காது. பல ஜிபியுக்களில் பிரித்து ஓட்டவேண்டும். அதையும் ஒருமுறை ஓட்டினால் போதாது. தற்செயல் தொடக்க எண்ணை மாற்றி ஐந்து முறையாவது ஓட்டினால்தான் கண்டது மெய்யா, அதிர்ஷ்டமா என்று தெரியும். ஒப்பிடவேண்டிய பழைய முறைகளுக்கும் அதே கவனத்தோடு கற்றல் வீதத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் புதிய முறை எப்போதும் வெல்லும், யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே எல்லோரும் ஏமாறுவோம். இந்த நேர்மைதான் கணினி நேரத்தைத் தின்னும். உங்கள் வரவு செலவுப் பட்டியலில் இதற்கு வரியே இல்லை.

நான் பெற்ற நல்கையில் கருவி வாங்கப் பணம் இருந்தது, வாடகைக்கு எடுக்க இல்லை. முதல் ஆண்டிலேயே வாங்கிவிடவேண்டும் என்றும் விதி. வாங்கினேன். எட்டு மாதங்கள் தரவுக்காகக் காத்திருந்தபோது அந்தக் கணினி சும்மா நின்றது. மூன்றாம் ஆண்டில் கட்டுரைக்கு மூன்று வாரம் பெரிய அளவில் ஓட்டவேண்டியிருந்தபோது அது போதவில்லை. ஆய்வின் தேவை இப்படித்தான் வரும்: பல மாதம் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரே வீச்சில். பணமாகக் கொடுக்காமல் ஜிபியு மணிநேரமாகவே கொடுக்கும் வழி இன்று இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை தலைமையில் 2024 ஜனவரியில் தொடங்கிய தேசிய செயற்கை நுண்ணறிவு ஆய்வு வள முன்னோட்டம் கணினி நேரத்தையும் தரவையும் நேரடியாக ஆய்வாளருக்கு ஒதுக்குகிறது. ஐரோப்பாவின் பொது மீத்திறன் கணினிகளிலும் ஆய்வாளர்கள் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். குறை என்னவென்றால், நல்கைக்கு ஒரு விண்ணப்பம், கணினி நேரத்துக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போனால் ஆய்வாளர் கையில் இருப்பது மாடில்லாத வண்டி, அல்லது வண்டியில்லாத மாடு.

"இளம் ஆய்வாளர்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் தொடக்க நல்கை ஐந்தாண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை தருவது. பட்டத்துக்குப் பின் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் என்பது பல ஆண்டுகளாக அதன் தகுதிக் காலமாக இருந்துவந்தது. குழந்தை பெற்ற தாய்க்கு ஒவ்வொரு குழந்தைக்கும் பதினெட்டு மாதம் நீட்டிப்பு உண்டு. இது நல்ல விதி. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளையவர்களுக்கு வழங்கும் கேரியர் விருது ஐந்தாண்டுகளுக்குக் குறைந்தது 4 லட்சம் டாலர் தருகிறது. ஆனால் நிரந்தரப் பணியை நோக்கிய உதவிப் பேராசிரியர் இடத்தில் இருக்கவேண்டும். அங்கே ஸ்லோன் அறக்கட்டளை இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் ஆய்வுத்தகைமையும் அப்படியே. வேலை கிடைத்தவருக்குத்தான் இளமை என்று பொருள்! முனைவர் பட்டத்துக்கும் வேலைக்கும் இடையில் ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் எங்களை எந்தச் சொல்லால் அழைப்பது?

வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் எம்மி நோதர் திட்டம் நிரந்தரப் பணியில்லாத ஆய்வாளரே ஆறு ஆண்டுகள் சொந்தக் குழுவை நடத்தப் பணம் தருகிறது, அவருடைய சம்பளத்தையும் சேர்த்து. பிரிட்டனின் எதிர்காலத் தலைவர்கள் ஆய்வுத்தகைமையில் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு என்ற கணக்கே கிடையாது. செயற்கை நுண்ணறிவுத் துறையில் இது மற்றத் துறைகளைவிட முக்கியம். இங்கே பலர் பட்டம் முடித்ததும் இரண்டு மூன்று ஆண்டுகள் தொழில் நிறுவனத்துக்குப் போகிறார்கள், பெரிய அளவில் பயிற்சி ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள், அங்கே செய்ததைக் கட்டுரையாக வெளியிட அனுமதி இருப்பதில்லை. திரும்பி வந்தால் உங்கள் கடிகாரம் ஓடிவிட்டது, வெளியீட்டுப் பட்டியலில் ஓட்டை. அவர்கள் கற்றுவந்தது எங்கள் எல்லோருக்கும் தேவைப்படும் அறிவு. படிவத்தில் அதற்கு இடமில்லை.

உங்கள் வேகம் பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியத் தொடக்க நல்கைக்கு விண்ணப்பங்கள் 2022 அக்டோபர் இறுதியில் போயின. நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. மார்ச்சில் ஜிபிடி-4 வந்தது. முடிவு வெளியானது செப்டம்பரில். மொழி மாதிரிகள் பற்றி அந்த அக்டோபரில் எழுதிய ஒரு முன்மொழிவை அடுத்த கோடையில் படித்த மதிப்பீட்டாளருக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாண்டு நல்கை மெதுவாக முடிவாகட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஆறு மாதத்தில் ஒரு கருத்தைச் சோதிக்கும் சிறு நல்கைக்கும் பத்து மாதம் காத்திருக்க வைப்பது சரியில்லை.

இந்தத் தேர்வுமுறை என்ன விலை கேட்கிறது என்பது அளக்கப்படாத விஷயமும் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2012இல் மருத்துவ ஆய்வு நல்கைக்கு வந்த 3,727 முன்மொழிவுகளை எழுதச் செலவான காலம் 550 மனித ஆண்டுகள் என்று ஓர் ஆய்வு கணித்தது. அவற்றில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. அதைவிட என்னை உறுத்துவது, நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நல்கையைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு. ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்று, வெட்டுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றவர்களையும் கீழே நின்றவர்களையும் அதில் ஒப்பிட்டார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் மேலே நின்றவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகமான நல்கை பெற்றிருந்தார்கள். கீழே நின்றவர்களில் பலர் பிறகு விண்ணப்பிப்பதையே நிறுத்திக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு அமெரிக்க உயிர்மருத்துவ நல்கையில் மயிரிழையில் தவறவிட்ட இளையவர்களைப் பின்தொடர்ந்தது. சிலர் அந்த அமைப்பை விட்டே மறைந்துபோனார்கள். தாக்குப்பிடித்தவர்களோ மயிரிழையில் வென்றவர்களைவிட நல்ல ஆய்வு செய்தார்கள். ஆக, கோட்டின் இருபுறமும் நிற்பவர்களைப் பிரித்தறிய உங்களால் முடியவில்லை. முடியும் என்று பாவனை செய்வதை நிறுத்தினால் போதும். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் ஒரு நல்கைப் பிரிவில், தகுதி பெற்றவர்களிடையே குலுக்கல் நடத்தத் தொடங்கியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளையும் பிரிட்டிஷ் அகாடமியும் பிறகு அதே வழியை முயன்றன. குலுக்கலில் தோற்றவருக்குத் தன் கேள்வி மட்டமானது என்ற எண்ணம் வராது. அடுத்த ஆண்டும் வருவார்.

நான் கேட்பது பெரிய மாற்றங்கள் அல்ல. பயன்பாட்டு ஆய்வுக்கான பணத்தைத் தொடவேண்டாம். முறையியல் என்று பெயரிட்ட பிரிவில் மட்டும், சமூகப் பயன் என்ற பெட்டியை எடுத்துவிட்டு, "உங்கள் கருதுகோள் பொய்த்தால் இத்துறைக்கு என்ன தெரியவரும்?" என்ற ஒரே கேள்வியை வையுங்கள். இதற்குப் பதில் எழுதத் தெரியாத முன்மொழிவைத் தயங்காமல் நிராகரியுங்கள். என் பழைய விண்ணப்பங்களில் இரண்டு அதில் விழுந்துவிடும் என்று முன்பே ஒப்புக்கொண்டேன். முதல் கட்டத்துக்கு இரண்டு பக்கம் போதும். நல்கையோடு கணினி நேரத்தையும் ஒரே முடிவில் கொடுங்கள். அதை எந்த மாதத்தில் செலவழிப்பது என்பதை எங்களிடம் விடுங்கள். விண்ணப்பிப்பவரின் சம்பளத்தையும் நல்கையில் சேருங்கள், அவர் நிறுவனம் மாறினால் நல்கையும் கூடப் போகட்டும். நிரலைப் பராமரிக்க ஒருவருக்குச் சம்பளம் கேட்டால் அதை வீண்செலவு என்று வெட்டாதீர்கள். முடிவெடுத்தபின் மதிப்பீட்டாளரின் குறிப்புகளை முழுதாக அனுப்புங்கள். "போட்டி கடுமையாக இருந்தது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

குழுக்களில் இருக்கும் மூத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. கேள்வி நல்லதுதான், பயன்தான் தெரியவில்லை என்று என் விண்ணப்பத்தில் எழுதியவர், எழுத்து நடையை வைத்துப் பார்த்தால், நான் மதிக்கும் முறையியல் ஆய்வாளர்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். படிவம் கேட்டதற்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெட்டிக்கு மதிப்பெண் போட மறுத்து, காரணத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். ஒரு குழுவில் இரண்டு பேர் அப்படிச் செய்தாலே அலுவலகம் அதைக் கவனித்தாகவேண்டும்.

என் நல்கையின் இறுதி அறிக்கையை வரும் மாதம் அனுப்பவேண்டும். அதில் மருத்துவப் படங்கள் பற்றி ஒன்பது பக்கம் இருக்கும். பயிற்சி ஏன் நிலைகுலைகிறது என்பதைப் பற்றி நான் கண்டவற்றை, ஓட்டிய எல்லாச் சோதனைகளோடும் பொய்த்துப்போன இரண்டு கருதுகோள்களோடும், பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன். படிவம் அதைக் கேட்கவில்லை. யாராவது படித்துவிட்டுக் கேள்வி எழுதினால் பதில் எழுதக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்தம் முடிய ஏழு மாதங்கள் மீதமிருக்கும் ஓர் ஆய்வாளர்